பழைய மிதிவண்டியும் புதிய டயரும்

புதுச்சேரி நகரம் மேடும் பள்ளமும் மிகுதியாக இல்லாத சமநிலத்தில் அமைந்தது. கிழக்கே வங்கக் கடல் அலைவீசும். நகரின் நடுவே பெரிய வாய்க்கால் ஒன்று வடக்குத் தெற்காகச் செல்லும். அதன் இருபுறத்தும் உள்ள தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி, ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும். இத்தகைய ஊரில் மிதிவண்டியைப் போல எளிதாக உதவும் ஊர்தி வேறில்லை. பால்காரரும், பூ விற்பவரும், பள்ளி மாணவரும், ஆலைத் தொழிலாளரும் பன்னெடுங்காலமாக அதனை நம்பியே தம் நாளைத் தொடங்கி வந்தனர். இன்றும் அவ்வூரின் பல வீடுகளில் பழைய மிதிவண்டி ஒன்று சுவரோரம் சாய்ந்து நிற்பதைக் காணலாம்.

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் பின்தாழ்வாரத்திலும் அத்தகைய வண்டி ஒன்று இருந்தது. அவ்வீட்டுப் பெரியவர் தம் இளமையில் வாங்கியது அது. அதில் ஏறியே அவர், முதலியார்பேட்டையில் முன்பு இயங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு பஞ்சாலைக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று வந்தார். அவர் ஓய்வு பெற்றபின் வண்டியும் ஓய்வு பெற்றது. ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் அவருடைய பேரன் ஒருநாள் அதனைத் தூசி தட்டி வெளியே கொணர்ந்தான். அதனைச் செப்பம் செய்து தான் பள்ளிக்குச் செல்லவும், தன் தங்கையைப் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்லவும் விரும்பினான். அதற்கென ஓராண்டாக உண்டியலில் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்திருந்தான்.

துருவைத் தேய்த்து நீக்கி, கறுப்பு வண்ணம் பூசி, புதிய மணி ஒன்று பொருத்திவிட்டால் வண்டி புதியதாகிவிடும் என்பது அவன் எண்ணம். டயர்களில் காற்றடித்துப் பார்த்தான், காற்று நின்றது. "டயர் நன்றாகவே இருக்கிறது, அம்மா! நாளைக்கே வண்ணம் பூசிவிடலாம்" என்றான். தாய் வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓடும் என்பது தெரிகிறது, தம்பி. பாப்பாவை ஏற்றிக்கொண்டு போகும்போது நிறுத்தினால் நிற்குமா?" என்று கேட்டாள். அவன் வண்டியைச் சற்று உருட்டி, பிரேக்கை இறுகப் பிடித்தான். கீச்சென்ற ஒலி எழுந்தது. சக்கரமோ நிற்காமல் உருண்டது. மாணவன் மறுமொழி கூறவில்லை. மறுநாள் காலையில் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றான்.

அக்கடையில் இருந்த முதியவர் பல்லாண்டு பழகியவர். அவர் முதலில் கையாற் கருவி எதனையும் தொடவில்லை. டயரின் பக்கச் சுவரை இரு கட்டைவிரல்களாலும் மடக்கிப் பார்த்தார். உலர்ந்த வயலில் தோன்றும் வெடிப்புகளைப் போல நுண்ணிய பிளவுகள் அதில் விரிந்தன. ஓரிடத்தில் இரப்பரின் கீழுள்ள நூலே வெளியே தெரிந்தது.

"காற்று நிற்கிறதே, ஐயா!" என்றான் மாணவன்.

"காற்றைத் தாங்குவது உள்ளே இருக்கும் டியூப், தம்பி. அந்த டியூபைத் தாங்குவதுதான் டயர். இந்த நூல் அறுந்தால் டியூப் பிதுங்கி வெடித்துவிடும். முன்சக்கரத்தில் வெடித்தால் ஓட்டுபவன் கீழே விழுவான், பின்னால் இருப்பவரும் விழுவார்" என்றார் முதியவர்.

வெயிலும் வெப்பமும் காற்றும் இரப்பரை நாளடைவில் கெடுத்துவிடும். ஓடாத வண்டியின் டயர் தேயாது, ஆயினும் கிழடாகும். ஆதலின் மேற்புறத்துப் பூவேலை மழுங்காமல் இருப்பதை மட்டும் கண்டு ஒரு டயரை நல்லது என்று துணிதல் தவறு. பக்கச் சுவரில் வெடிப்பும், நூல் தெரிதலும், புடைப்பும் உள்ளனவா என்று நோக்குதல் வேண்டும். இவற்றுள் ஒன்று காணப்படினும் அந்த டயரை மாற்றுவதே அறிவுடைமை.

"அப்படியானால் இருபத்தெட்டு அங்குல டயர் இரண்டு கொடுங்கள்" என்றான் மாணவன்.

முதியவர் நகைத்தார். "இருபத்தெட்டு என்றால் எந்த இருபத்தெட்டு?" என்று கேட்டார்.

இவ்வினாவின் பொருளை உணர, டயர் தோன்றிய வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். காற்றடைத்த டயருக்கு இராபர்ட் தாம்சன் என்பவர் 1845ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். எனினும் அது வழக்கில் பரவவில்லை. அயர்லாந்து நாட்டின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்கென 1888ஆம் ஆண்டில் காற்று டயரை அமைத்தார். அதுவே உலகெங்கும் பரவியது. ஆனால் அக்காலத்து டயர் வட்டையோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு துளையை அடைக்கப் பல மணி நேரம் ஆயிற்று. பிரான்சு நாட்டில் மிச்செலின் சகோதரர்கள் எளிதிற் கழற்றி மாட்டத்தக்க டயரை ஆக்கினர். 1891ஆம் ஆண்டில் பாரிசிலிருந்து பிரெஸ்டு நகருக்குச் சென்று மீளும் நெடும்போட்டியில் அந்த டயரோடு ஓட்டிய சார்ல் தெரோன் என்பவர் முதல்வராக வந்தார். அதனால் கழற்றத்தக்க டயரின் சிறப்பை மக்கள் உணர்ந்தனர்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் வெல்ச் என்பவர் டயரின் இரு விளிம்புகளிலும் எஃகுக் கம்பி வளையத்தை வைத்துத் தைக்கும் முறையைக் கண்டார். இன்று சாதாரண மிதிவண்டிகளில் உள்ளது இம்முறையே. இந்தக் கம்பி வளையம் நீளாது. நீளாத காரணத்தாலேயே அது காற்றின் அழுத்தத்துக்கு அஞ்சாமல் வட்டையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. ஆகவே கம்பி வளையத்தின் விட்டமும், அது அமரும் வட்டையின் விட்டமும் சரியாகப் பொருந்துதல் வேண்டும். வளையம் சிறியதாயின் டயர் ஏறாது. பெரியதாயின் காற்றடித்ததும் வட்டையை விட்டு நழுவும். டயர் வாங்குவதில் முதன்மையானது இவ்வொரு பொருத்தமே.

டயரின்மேல் வழக்கமாகப் பொறிக்கும் அங்குல எண்ணோ இவ்விட்டத்தைக் கூறுவதன்று. அது காற்றடைத்த டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகக் குறிப்பது. அதனால் ஒரே எண்ணின்கீழ் வேறு வேறு அளவுகள் வந்து புகுந்தன. இந்தியாவின் பழைய பெரிய மிதிவண்டிகளில் 28 × 1½ என்ற டயர் வழங்கும். அதன் வட்டை விட்டம் 635 மில்லிமீட்டர். இக்காலத்து வண்டிகள் பலவற்றிலும் 28 என்றே குறிக்கும் வேறொரு டயர் உண்டு. அதன் விட்டம் 622 மில்லிமீட்டர். இரண்டுக்கும் வேறுபாடு 13 மில்லிமீட்டர். ஒன்று மற்றொன்றன் இடத்தில் பொருந்தாது. 29 அங்குலம் என்று சொல்லப்படும் மலைவண்டியின் விட்டமும் அதே 622 மில்லிமீட்டர் என்பது வியப்பன்றோ!

27 × 1¼ என்னும் டயரின் விட்டம் 630 மில்லிமீட்டர். பழைய வண்டியின் விட்டத்திற்கு இது ஐந்து மில்லிமீட்டரே குறைவு. "சிறிது நெம்பினால் ஏறிவிடும்" என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கும். நெம்பி ஏற்றிய டயரில் விளிம்புக் கம்பி நைந்துபோகும், டியூப் கிள்ளுண்ணும். மிகவும் ஒவ்வாத அளவு கடையிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏறத்தாழ ஒத்த அளவே நடுச்சாலையில் கேடு செய்யும்.

எண்கணிதம் கற்ற மாணவரை மயக்கும் செய்தி மற்றொன்றும் உண்டு. ஒன்றரை என்பதைப் பின்னமாக 1½ என்றும், தசமமாக 1.50 என்றும் எழுதலாம். கணக்கில் இரண்டும் சமம். ஆனால் 26 × 1½ என்று பொறித்த டயரின் விட்டம் 584 மில்லிமீட்டர். 26 × 1.50 என்று பொறித்த டயரின் விட்டம் 559 மில்லிமீட்டர். பின்னமும் தசமமும் இங்கு வெவ்வேறு குடும்பங்களின் பெயர்களாக நிற்கின்றன. ஏட்டில் சமமானவை சக்கரத்தில் சமமாகவில்லை!

புதுச்சேரியில் இக்குழப்பத்திற்கு மற்றொரு வாயிலும் உண்டு. 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரை அவ்வூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் டயரை அங்குலத்தால் அளக்காமல் மில்லிமீட்டரால் அளந்தனர். எண்ணை அடுத்து ஓர் எழுத்தையும் இட்டனர். 700ஏ, 700பி, 700சி என்பன அவர்கள் முறை. இவற்றுள் 700பி என்பதன் வட்டை விட்டம் 635 மில்லிமீட்டர். அஃதாவது ஆங்கில முறையில் 28 × 1½ எனப்படுவதும், பிரெஞ்சு முறையில் 700பி எனப்படுவதும் ஒன்றே. அவ்வாறே 26 × 1⅜ என்பதும் 650ஏ என்பதும் ஒன்று. இரண்டும் 590 மில்லிமீட்டர். பழம்பொருட்களுக்கிடையே பிரெஞ்சு எழுத்துப் பொறித்த வண்டி ஒன்று எவருக்கேனும் கிடைப்பின், அதற்கு டயர் இல்லை என்று மனம் தளர வேண்டுவதில்லை. பெயர் வேறாயினும் அளவு ஒத்த டயர் இந்நாட்டுக் கடையிலேயே கிடைத்தல் கூடும்.

இவ்வேறுபாடுகளை நீக்கவே உலகப் பொதுவான குறியீடு ஒன்று பின்னர் ஏற்பட்டது. 40-635 என்பது போல இரண்டு எண்களைச் சிறு கோட்டால் இணைத்து எழுதுவர். முதல் எண் டயரின் அகலத்தையும், இரண்டாவது எண் வட்டையின் விட்டத்தையும் மில்லிமீட்டரிற் குறிக்கும். அகலம் சிறிது கூடினும் குறையினும் பெரும்பாலும் தீங்கில்லை. இரண்டாவது எண் மட்டும் இம்மியும் மாறலாகாது.

முதியவர் பழைய டயரின் பக்கத்தைச் சோப்புநீரால் கழுவித் துடைத்தார். சுண்ணக்கட்டியை எடுத்து அதன்மேல் மெல்லத் தேய்த்தார். மங்கிக் கிடந்த எழுத்துகள் வெண்மையாக எழுந்து தோன்றின. மாணவன் குனிந்து, "28 × 1½" என்று படித்தான். "இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்" என்றார் முதியவர். எழுத்து முற்றும் அழிந்திருப்பின், சக்கரத்தையே கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

அளவு தெரிந்தபின் வகையை ஆராய வேண்டும். முரட்டுப் பற்கள் நிறைந்த டயர் சேற்றிலும் மணலிலும் உதவும். தார்ச்சாலையில் அது ஓட்டுபவரின் ஆற்றலை வீணாக்கும். நகரத் தெருவிற்கு நெருங்கிய, ஆழமில்லாத பூவேலையே போதும். கடையில் நெடுநாள் வெயில்படத் தொங்கிய டயர் புதியதாயினும் முதிர்ந்ததே ஆகும்; அதனையும் மடக்கிப் பார்த்தே வாங்குதல் வேண்டும். பின்சக்கரம் மிகுந்த சுமையைத் தாங்குவதால் அதன் டயர் விரைந்து தேயும். எனினும் இரண்டு டயர்களுள் ஒன்று மட்டும் நல்லதாயின், அதனை முன்சக்கரத்திலேயே இடுதல் வேண்டும். பின்டயர் வெடித்தால் வண்டி தடுமாறும். முன்டயர் வெடித்தாலோ கைப்பிடியே வயப்படாது.

பழைய டயரைக் கழற்றியதும் முதியவர் வட்டையின் உட்புறத்தைக் காட்டினார். கடற்காற்றின் உப்பால் அங்கங்கே துரு ஏறியிருந்தது. அதனைத் தேய்த்து நீக்கி, ஆரக்கம்பிகளின் முனைகள் டியூபைக் குத்தாதவாறு புதிய நாடாவைச் சுற்றினார். துரு வட்டையை அரித்துத் துளைத்திருந்தால் டயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. வட்டையையே மாற்ற வேண்டியிருக்கும். நல்வாய்ப்பாக அவ்வண்டியின் வட்டை உறுதியாக இருந்தது. புதிய டயரின் கடைசிப் பகுதியை அவர் கட்டைவிரல்களாலேயே உள்ளே தள்ளினார். கூரிய இரும்பைப் பயன்படுத்தவில்லை. பாதிக் காற்றடித்துச் சக்கரத்தைச் சுழற்றி, டயரின் விளிம்புக்கோடு எங்கும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று நோக்கினார். அதன்பின்னரே முழுக்காற்றை அடைத்தார். டயரின் பக்கத்தில் பொறித்த அழுத்த அளவிற்கு மேல் காற்றடித்தலும், மிகக் குறைவாக வைத்தலும் தவறு.

இனி பிரேக்கின் தன்மை அறியத்தக்கது. பழைய மிதிவண்டிகளில் பிரேக் பிடியிலிருந்து இரும்புக் கம்பிகள் இறங்கி, குதிரையின் அங்கவடி போன்ற வளைவை மேலே இழுக்கும். அவ்வளைவின் இரு முனைகளிலும் உள்ள இரப்பர்க் கட்டைகள், ஆரக்கம்பிகளின் இருபுறத்தும் வட்டையின் உட்பரப்பில் அழுந்தி அதனைத் தடுக்கும். புதிய வண்டிகளிலோ பிரேக் கட்டைகள் வட்டையை இருபக்கமும் கவ்வும். ஒருவகைக்குரிய கட்டை மற்றொரு வகைக்கு ஆகாது. ஆதலின் பழைய கட்டையைக் கையிற் கொண்டுசென்று, அதன் நீளம், தடிப்பு, திருகாணி ஆகியவற்றோடு ஒப்பிட்டே புதியதை வாங்குதல் வேண்டும்.

முதியவர் பழைய கட்டையைக் கழற்றி மாணவன் கையில் கொடுத்தார். நகத்தால் அழுத்தியும் அதிற் சுவடு விழவில்லை. அது கல்லைப்போல் இறுகியிருந்தது. "கட்டை தேயவில்லையே என்று பலரும் மாற்றாமல் இருப்பர். இறுகிய இரப்பர் வழுக்குமேயன்றிப் பிடிக்காது" என்றார் அவர். கட்டையிலுள்ள வரிப்பள்ளங்கள் மறைந்தாலும், உள்ளிருக்கும் இரும்பு வட்டையில் உராயும் அளவிற்குத் தேய்ந்தாலும், நெடுநாள் கிடந்து இறுகினாலும் அதனை மாற்றுதல் வேண்டும்.

புதிய கட்டையைப் பொருத்துவதிலும் கவனம் தேவை. சில கட்டைகளின் இரப்பர் ஓர் இரும்புக் கூட்டினுள் செருகப்பட்டிருக்கும். அக்கூட்டின் ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருக்கும். கட்டை அழுந்தும் இடத்தில் வட்டை எத்திசை நோக்கிச் செல்கிறதோ, அத்திசையில் மூடிய முனை இருத்தல் வேண்டும். மாற்றிப் பொருத்தினால், பிரேக் பிடித்த கணத்தில் சக்கரமே இரப்பரை வெளியே இழுத்து எறிந்துவிடும். மேலும் கட்டையின் முகம் முழுவதும் வட்டையிற் படிய வேண்டும். டயரையோ ஆரக்கம்பியையோ தொடலாகாது. வட்டையின்மேலும் கட்டையின்மேலும் எண்ணெய் ஒரு துளியும் படாமல் காத்தல் வேண்டும். கீச்சொலியை அடக்க எண்ணெய் இடுவது, நிற்கும் ஆற்றலையே அழிப்பதாகும்.

மழைக்காலத்தில் இக்கவனம் இருமடங்கு வேண்டும். புதுச்சேரியில் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தெருக்களில் நீர் பெருகும். முலாம் பூசிய எஃகு வட்டை நனைந்தால், அதன்மேல் இரப்பரின் பிடிப்பு மிகச் சிறிய பங்காகக் குறைந்துவிடும். ஆதலின் நிற்க வேண்டிய இடத்திற்கு நெடுமுன்னரே பிரேக்கை மெல்லப் பிடித்து வட்டையின் நீரைத் துடைத்துக்கொள்ளுதல் வேண்டும். வேகம் இருமடங்கானால் வண்டியை நிறுத்தத் தேவையான தொலைவு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் கூறும் உண்மை. மழையில் மெதுவாகச் செல்வது அச்சமன்று, அறிவேயாகும்.

வேலை முடிந்தது. முதியவர் முன்பிரேக்கைப் பிடித்தவாறு வண்டியை முன்னே தள்ளச் சொன்னார். மாணவன் தள்ளினான். முன்சக்கரம் அசையவில்லை; பின்சக்கரம் தரையை விட்டு எழ முயன்றது. "இப்போது உன் தங்கையை ஏற்றலாம், தம்பி" என்றார் அவர். கூலியும் விலையும் கொடுத்தபின் மாணவனின் கையில் எஞ்சியது மிகச் சிறு தொகையே. அதனைக் கொண்டு வண்ணமும் வாங்க இயலாது. மணியும் வாங்க இயலாது. பழைய மணியையே துடைத்து எண்ணெயிட்டு ஒலிக்கச் செய்தான்.

ஐப்பசித் திங்களில் ஒருநாள் மாலை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மாணவன் தங்கையைப் பின்னே அமர்த்தி, பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். முதியவர் கூறியவாறு இடையிடையே பிரேக்கை மெல்லப் பிடித்துக்கொண்டு மெதுவாகவே வந்தான். தெருமுனையில் ஆட்டுக்குட்டி ஒன்று துள்ளி ஓட, அதனைப் பிடிக்க ஒரு சிறுவன் குறுக்கே பாய்ந்தான். மாணவனின் இரு கைகளும் இறுகின. வண்டி சிறுவனுக்கு இரண்டு முழம் முன்னரே நின்றது. சிறுவன் ஒன்றும் அறியாதவனாய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தங்கை, "ஏன் அண்ணா நின்றுவிட்டாய்?" என்று கேட்டாள். அவன் மூச்சை உள்ளிழுத்து விட்டு, "ஒன்றுமில்லை" என்று சொல்லி மீண்டும் மிதித்தான்.

வீட்டிற்குச் சென்றதும் அவன் நடந்ததைத் தாயிடமும் தாத்தாவிடமும் கூறினான். துருப்பிடித்த வண்டியைத் தாத்தா திண்ணையிலிருந்தபடியே நெடுநேரம் பார்த்தார். "வண்ணம் அடுத்த ஆண்டு பூசிக்கொள்ளலாம்" என்றார்.

பழைய பொருளைப் பேணிப் பயன்படுத்துவது சிறந்த சிக்கனம். ஆயினும் உயிரைக் காக்கும் உறுப்புகளில் காட்டும் சிக்கனம் சிக்கனமாகாது. கண்ணுக்கு அழகு தருவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். நிற்க உதவுவதை இன்றே செப்பம் செய்ய வேண்டும். எண்ணைப் படித்து, அளவை ஒப்பிட்டு, கையால் தொட்டு ஆராய்ந்து வாங்கும் பழக்கம் மிதிவண்டிக்கு மட்டுமன்றி, வாழ்க்கையில் வாங்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் உரியது. சாலையில் செல்பவன் தன் உயிருக்கு மட்டும் பொறுப்பாளன் அல்லன்; எதிரே வருபவர் உயிரும் அவனுடைய பிரேக்கையே நம்பியிருக்கிறது என்பதை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும்.